அக்காவின் மஞ்சள் குல்லா



போன வாரம் நான் போட்ட குல்லா படத்துக்கு இத்தனை பேர் இதயம் போடுவீர்கள் என்று நினைக்கவில்லை. "எந்தக் கடை டீச்சர்?" என்று ஒருத்தி. "எனக்கும் ஒண்ணு அனுப்புங்க" என்று துபாயிலிருந்து ஒருவன். (துபாயில் உனக்கு எதற்கப்பா கம்பளிக் குல்லா?) மதுரை சித்தி மட்டும்தான் சரியான கேள்வி கேட்டிருந்தார்: "இது யார் தலைக்கு?"

அதற்கு ஒரு வரியில் பதில் எழுதி, அழித்து, மறுபடி எழுதி, அழித்துவிட்டேன். அதனால்தான் இந்தப் பதிவு. நீளமாகத்தான் இருக்கும். நாற்பது நிமிடப் பாடத்தை மணி அடித்த பிறகும் நடத்துகிறவள் நான் என்பது உங்களுக்குத் தெரியும்.

குல்லா அக்காவுக்கு. உறவுகளில் சிலருக்குத் தெரியும், பலருக்குச் சொல்லவில்லை. ஆறு மாதமாக அக்காவுக்குக் கோயம்புத்தூரில் கீமோ சிகிச்சை நடக்கிறது. சொல்ல வேண்டாம் என்று அவள்தான் தடுத்தாள். இப்போது அவளே, "போட்டோதான் போட்டாச்சே, இனி என்ன, எழுது" என்று சொல்லிவிட்டாள். யாரும் பதறிக்கொண்டு குன்னூருக்கு பஸ் ஏற வேண்டாம். சாப்பிடுகிறாள், சண்டை போடுகிறாள், சீரியல் பார்க்கிறாள்.

முதல் ஊசி போட்டு மூன்றாவது வாரம் முடி கொட்ட ஆரம்பித்தது. காலையில் தலையணையில் ஒரு கைப்பிடி. அக்காவுக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி, உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அவள் அழவில்லை. பார்லர் பெண்ணை வீட்டுக்கு வரச் சொல்லி மொட்டையடித்துக்கொண்டு, "பழனிக்குப் போற செலவு மிச்சம்" என்றாள். ஆனால் குன்னூர்க் குளிர் மொட்டைத் தலையை விடுமா? மார்க்கெட்டில் குரங்குக் குல்லா வாங்கி வந்தேன். அரைமணி நேரத்தில் கழற்றி எறிந்துவிட்டாள். தலைத்தோல் அந்த நேரத்தில் பச்சைப் புண் மாதிரி இருக்குமாம், அக்ரிலிக் நூல் குத்துகிறது என்றாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் அவள் மகன் பருத்திக் குல்லா ஒரு டஜன் அனுப்பினான். அது குத்தவில்லை, ஆனால் ராத்திரிக் குளிருக்குப் போதவில்லை.

ஒரு நாள் அக்கா தன் பழைய ஊசிப் பையை எடுத்து வரச் சொன்னாள். அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தாள். மருந்தினால் விரல் நுனி மரத்துப்போயிருந்தது. ஊசி கையில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. இரண்டு முறை நழுவி விழுந்தது. மூன்றாவது முறை எடுக்கக் குனியவில்லை. பையை என் மடியில் வைத்து, "நீ போடு" என்றாள்.

எனக்குப் பின்னத் தெரியாது. அறுபத்தெட்டு வயது வரை தெரிந்துகொள்ளவில்லை. அது தற்செயல் இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வகுப்பில் உங்களிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன், "நான் ஸ்காலர்ஷிப்பில் படித்தவள்" என்று! பொய் இல்லை. ஆனால் பாதி உண்மை. ஸ்காலர்ஷிப் காலேஜ் ஃபீஸுக்கு மட்டும்தான். ஹாஸ்டல் பணம், மெஸ் பணம், புத்தகம், பஸ் கட்டணம், என் செருப்பு வரைக்கும் அக்காவின் ஊசியிலிருந்து வந்தது. அப்பா டீ ஃபேக்டரியில் வேலை பார்த்து, அக்கா எட்டாவது படிக்கும்போது போய்ச் சேர்ந்தார். அக்கா பள்ளிக்கூடத்தை விட்டு நின்றாள். பக்கத்து லைன் வீட்டு அம்மாவிடம் பின்னக் கற்றாள். முதல் ஊசி வாங்கக் காசில்லை. சைக்கிள் சக்கரக் கம்பியைக் கல்லில் தேய்த்து முனை எடுத்தாள். கடைக்காரர் நூல் கொடுப்பார், இவள் ஸ்வெட்டராக்கிக் கொடுப்பாள், கூலி. சீசன் மாதங்களில் ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஊசிச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தில்தான் நான் வேதியியல் படித்தேன். எனக்கு அது வறுமையின் சத்தமாக இருந்தது. "கத்துக்கடி, கை வேலை ஒண்ணு இருக்கட்டும்" என்று அவள் கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் புத்தகத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வேன்.

சரி, கற்றுக்கொண்ட கதைக்கு வருகிறேன். நான் உங்களுக்குப் பிப்பெட் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தபோது எவ்வளவு திட்டினேனோ அதை வட்டியோடு வாங்கிவிட்டேன். அக்கா கண்டிப்பான வாத்தியார். கட்டிலில் சாய்ந்துகொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஊசி உரசும் சத்தத்தை வைத்தே, "இறுக்கிப் பிடிக்கறே, கயிறா திரிக்கறே?" என்பாள்.

முதலில் ஒரு சதுரத் துண்டு பின்னி, பத்து சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி வருகிறது என்று எண்ண வேண்டும். எனக்கு 22 வந்தது. அக்காவின் தலைச் சுற்றளவு 54 செ.மீ. (முடி போன பிறகு மறுபடி அளந்தது.) குல்லா தலையைப் பிடித்து நிற்க வேண்டுமானால் அளவைவிட மூன்று சென்டிமீட்டராவது சின்னதாக இருக்க வேண்டும். ஆக 51 செ.மீ. அதற்கு 112 கண்ணி. 112 நாலாலும் வகுபடும், எட்டாலும் வகுபடும். நாலால் வகுபட்டால்தான் ஓரத்தில் 'ரெண்டு நேர், ரெண்டு எதிர்' என்று வரி பிடிக்கலாம். எட்டால் வகுபட்டால்தான் உச்சியில் எட்டுப் பங்காகக் குறைக்கலாம். நான் பேப்பரில் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் அக்கா, "நூத்திப் பன்னெண்டு" என்று சொல்லிவிட்டாள். எட்டாவதோடு நின்றவள்.

112 கண்ணி ஏற்றி, வட்ட ஊசியில் வளையமாகச் சேர்த்து, ஐந்து சுற்றுப் போட்ட பிறகு அக்கா கண்ணைத் திறந்து பார்த்தாள். "முறுக்கிச் சேத்துட்டே." கண்ணி வரிசை எங்கோ ஒருமுறை திருகிக்கொண்டு போயிருக்கிறது. அதைப் பிறகு சரிசெய்ய வழியே இல்லை, பிரிக்க வேண்டியதுதான். எங்கள் கணக்கு டீச்சர் பேப்பர்ப் பட்டையைத் திருகி ஒட்டி, ஒரே பக்கம் உள்ள மொபியஸ் பட்டை என்று காட்டுவாரே, கிட்டத்தட்ட அது மாதிரி ஒரு திருகலை நான் கம்பளியில் பின்னி வைத்திருந்தேன். பிரித்தேன். மூன்று முறை பிரித்தேன். உங்கள் ரெக்கார்ட் நோட்டில் சிவப்பு மையால் 'மீண்டும் எழுதுக' என்று போட்டதற்கெல்லாம் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

பழகியதெல்லாம் மலிவு நூலில். நல்ல நூல் பெங்களூரில் இருக்கும் ஒரு மாணவி அனுப்பியது. சாயம் போடாத மெரினோ, 50 கிராமில் இரண்டு சிட்டம். நம் தலைமுடி 50 முதல் 100 மைக்ரான் தடிமன் என்றால், மெரினோ ரோமம் ஏறத்தாழ இருபதுதான். தோலைத் தொட்டால் வளையும், குத்தாது. தொட்டுப் பார்த்துவிட்டு அக்கா ரொம்ப நேரம் கீழே வைக்கவில்லை. விரல் நுனியில் உணர்வில்லாததால் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"என்ன கலர் வேணும்க்கா?"

"மஞ்சள்ல போடு."

எனக்கு உள்ளே எங்கோ சுருக்கென்றது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

கடையில் நல்ல சாயங்கள் கிடைக்கின்றன. ஆனால் நான் வேதியியல் டீச்சர் ஆயிற்றே, திமிர் விடுமா? சமையலறையிலேயே செய்து காட்டுகிறேன் என்று கிளம்பினேன். பழைய அலுமினியப் பாத்திரம் வேண்டாம், உலோகம் நிறத்தை மாற்றும் என்று ஒரு எவர்சில்வர் அண்டாவை எடுத்தேன். (இனி அதில் சமையல் கிடையாது. நீங்களும் சாயப் பாத்திரத்தைத் தனியாக வையுங்கள்.) சிட்டம் சிக்காமலிருக்க நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தேன். மஞ்சள் தூளைக் கொதிக்கவைத்து, துணியில் வடிகட்டி, அந்த நீரில் நூலை இறக்கினேன். கொதிக்கவிடக் கூடாது, கிளறவும் கூடாது. ரோமத்தின் மேல் மீன் செதில் மாதிரி செதில் இருக்கிறது. சூட்டில் அது விரிந்து, அசைத்தால் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். பிறகு நூல் இல்லை, கம்பளிக் கட்டிதான். முக்கால் மணி நேரம் சுட வைத்து, அந்த நீரிலேயே ஆறவிட்டேன். வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்து, "இன்னிக்கு இதுதான் ரசமா?" என்றார்.

எடுத்தபோது என்ன மஞ்சள்! சாமந்தி தோற்றது. அக்காவிடம் ஓடிப்போய்க் காட்டினேன். "ஒரு அலசு அலசிடு, மஞ்சள் தூள் தலையில ஒட்டும்" என்றாள். நியாயம்தானே. துணி சோப்பை எடுத்து லேசாகத் தேய்த்தேன்.

மஞ்சள் சிவந்தது. கண்ணெதிரே, செங்கல் சிவப்பு.

பிள்ளைகளே, சிரித்து முடித்துவிட்டீர்களா? முப்பத்தோரு வருடம் வகுப்பு வகுப்பாக, "மஞ்சள் ஓர் இயற்கை நிறங்காட்டி, காரத்தில் செந்நிறமாக மாறும்" என்று சொல்லிக்கொடுத்தவள். வெள்ளைச் சட்டையில் குழம்புக் கறை, சோப்புப் பட்டதும் சிவப்பாகும் என்று உதாரணம் வேறு. சோப்பு காரம் என்பது அந்த நிமிடம் எனக்குத் தெரியவில்லை! குளியலறை வாசலில் உட்கார்ந்து அழுதேன். அறுபத்தெட்டு வயதுக் கிழவி, ஒரு நூல் சிட்டத்துக்காக. நூலுக்காக இல்லை என்று உங்களுக்கும் தெரியும். மறுநாள் அக்காவுக்கு ஸ்கேன் ரிப்போர்ட் வர வேண்டியிருந்தது.

சுவரைப் பிடித்துக்கொண்டு அக்கா வந்து பார்த்தாள். "ஏண்டி அழறே? எலுமிச்சம்பழம் இல்லையா வீட்டுல?" என்றாள். பி.எஸ்ஸி. அவள்தான் படித்திருக்க வேண்டும். எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் நூலை முக்கியதும் மஞ்சள் திரும்பி வந்தது. முழுதாக இல்லை, அங்கங்கே அடர்ந்தும் வெளிறியும் திட்டுத் திட்டாக. ஆனால் மஞ்சள்.

அப்போதுதான், குளியலறை வாசல் ஈரத்தில் இருவரும் உட்கார்ந்திருந்தபோது, சொன்னேன். "அக்கா, அந்த மஞ்சள் ஸ்வெட்டர் டிரெயின்ல தொலையல."

1975-இல் நான் காலேஜுக்குப் போகும்போது அக்கா எனக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னிக்கொடுத்தாள். கடைக்காரரிடம் மிஞ்சிய நூலைக் கெஞ்சி வாங்கியது. நல்ல பளிச்சென்ற மஞ்சள். முன்பக்கம் இரண்டு ஜடை பின்னியது போல் வேலைப்பாடு. ஹாஸ்டலில் முதல் நாளே, "பூசணிப் பூ வருது" என்றார்கள். ஒரே ஒருத்திதான் சொன்னாள், மற்றவர்கள் சிரித்தார்கள், அவ்வளவுதான். மறுபடி அதை நான் போடவில்லை. மூன்றாம் வருடம் ஊட்டிக்குச் சுற்றுலா போனபோது, சமவெளிப் பெண்ணொருத்தி குளிருக்கு ஒன்றும் இல்லாமல் வந்தாள். பெட்டியின் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்து, "நீயே வச்சுக்கோ" என்றேன். நான் இன்னொருத்தியிடம் கடையில் வாங்கிய கார்டிகன் இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டேன். வீட்டில் கேட்டபோது, டிரெயினில் விட்டுவிட்டேன் என்றேன். அக்கா, "போகுது, வேற போட்டுக்கலாம்" என்றாள். வேறு போடவில்லை, நானும் கேட்கவில்லை.

இதைச் சொல்லி முடித்ததும் அக்கா என்ன சொன்னாள் தெரியுமா?

"தெரியும்."

எப்படி என்று கேட்டேன். ஹாலில் மாட்டியிருக்கிற போட்டோவைப் பார்க்கச் சொன்னாள்.

என் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அந்த போட்டோவைப் பார்த்திருப்பீர்கள். ஊட்டி பொட்டானிக்கல் கார்டனில் எங்கள் பேட்ச் நிற்கும் கருப்பு வெள்ளைப் படம். "இதுல டீச்சர் எங்கே?" என்று தேடுவீர்கள். இரண்டாவது வரிசையில் இடமிருந்து நான்காவதாக அந்தப் பெண் நிற்கிறாள், மஞ்சள் ஸ்வெட்டரில். கருப்பு வெள்ளையில் அது வெறும் வெளிர் சாம்பல்தான். யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். நாளடைவில் நானே அதை மறந்துபோனேன் என்பதுதான் உண்மை.

"இடது பக்க ஜடையில ஒரு திருப்பு மாத்திப் போட்டிருந்தேன். அவசரத்துல கவனிக்கல. முடிச்ச பிறகுதான் பாத்தேன், பிரிக்க மனசில்ல. என் தப்பு எனக்குத் தெரியாதா?"

நாற்பத்தேழு வருடமாக அந்த ஹாலில் உட்கார்ந்துதான் அவள் காபி குடிக்கிறாள். மாமா போன பிறகு இந்த வீட்டுக்கே வந்துவிட்டாள். ஒரு நாள், ஒரு சொல், ஒரு ஜாடை? இல்லை. "அந்தப் புள்ளைக்குக் குளிராம இருந்துச்சில்ல" என்றாள். பிறகு, கொஞ்சம் கழித்து, "எனக்குக் கோபம் இல்லேன்னு நெனைக்காதே. ஒரு வருஷம் இருந்துச்சு" என்றாள். அந்தக் கடைசி வாக்கியத்துக்காக நான் அவளுக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். அது இல்லாமல் முதல் வாக்கியத்தை என்னால் தாங்கியிருக்க முடியாது.

மறுநாள் ரிப்போர்ட் வந்தது. மருந்து வேலை செய்கிறது என்றார்கள். இன்னும் இரண்டு முறை பாக்கி இருக்கிறது.

இரண்டாவது சிட்டத்துக்கு வெங்காயத் தோல். மஞ்சள் தூள் சாயம் வெயிலில் நிற்காது, வெளுத்துவிடும். வெங்காயத் தோல் அதைவிட உறுதி, ஆனால் தனியாக விட்டால் அதற்கும் பிடிப்பு போதாது, படிகாரம் வேண்டும். நிறமூன்றி, ஞாபகம் இருக்கிறதா? படிகாரத்திலுள்ள அலுமினியம் ஒரு கையால் ரோமத்தையும் இன்னொரு கையால் சாயத்தையும் பிடித்துக்கொள்ளும். சண்டை போட்ட இரண்டு வீட்டையும் விடாமல் பிடித்து வைக்கும் சித்தி மாதிரி. 50 கிராம் நூலுக்கு 6 கிராம் படிகாரம், நூலின் எடைக்குச் சமமாகத் தோல். 50 கிராம் வெங்காயத் தோல் என்றால் என்ன என்று சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்! மார்க்கெட்டில் காய்கறிக் கடைக்காரர், "டீச்சரம்மா, வெங்காயம் வேண்டாம், தோல் மட்டும் போதுமா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, ஒரு கோணிப்பையில் பாதி கொடுத்தார். என் மாணவனின் அப்பா. காசு வாங்கவில்லை.

அந்தச் சிட்டம் பொன்னும் செம்பும் கலந்த நிறத்தில் வந்தது. அண்டாவில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வகுப்பில் நான் சொல்லும் பெர்க்கின் கதை ஞாபகம் வந்தது. 1856-இல், பதினெட்டு வயதுப் பையன், லண்டனில் தன் வீட்டு ஆய்வகத்தில் மலேரியாவுக்குக் கொயினா செய்யப் பார்த்தான். ஊதாச் சாயம் கிடைத்தது. உலகத்தின் முதல் பெரிய செயற்கைச் சாயத் தொழில் அதிலிருந்து பிறந்தது. அவன் செய்ய நினைத்த கொயினாவுக்கு சில வருடங்களிலேயே நம் நடுவட்டத்தில் சிங்கோனா மரம் நட ஆரம்பித்தார்கள். மருந்து தேடினால் சாயம் கிடைக்கிறது. இன்னொன்றும் நினைத்தேன், அக்காவிடம் சொல்லவில்லை: ஆட்டு ரோமமும் கெரட்டின், நம் முடியும் கெரட்டின். உதிர்ந்து போனதையேதான் சாயம் போட்டுத் திருப்பிக் கொடுக்கிறேன்.

திட்டுத் திட்டாக இருக்கும் நூலை அப்படியே பின்னினால் ஒரே இடத்தில் நிறம் குவிந்து குட்டை கட்டி நிற்கும். இரண்டு உருண்டையையும் மாற்றி மாற்றி இரண்டிரண்டு சுற்றாகப் போடச் சொன்னாள் அக்கா. உச்சியில் எட்டுப் பங்கு, பங்குக்குப் பதினான்கு. குறைக்கும் சுற்று ஒவ்வொன்றிலும் எட்டுக் கண்ணி குறையும். பதின்மூன்று முறை குறைத்தால் எட்டுக் கண்ணிதான் மிஞ்சும். அதில் நூலைக் கோத்து இழுத்துவிட்டால் வாய் மூடிக்கொள்ளும். அந்த எட்டுக் கண்ணியையும் அக்காதான் இழுத்தாள். மரத்த விரலால் இழுக்க முடியாமல், பல்லால் கடித்து இழுத்தாள்.

அந்தக் குல்லாதான் நீங்கள் படத்தில் பார்த்தது. இடது காதுக்கு மேலே ஒரு இடத்தில் நேர்க் கண்ணிக்கு எதிர்க் கண்ணி விழுந்திருக்கிறது. பார்த்தேன், பிரிக்கட்டுமா என்றேன். "இருக்கட்டும், அடையாளம்" என்றாள்.

அவள் தினமும் வெயிலில் உட்காருவதால் மஞ்சள் வரிகள் இப்போதே வெளிற ஆரம்பித்துவிட்டன. வெங்காய வரிகள் அப்படியே இருக்கின்றன. இன்னும் சில மாதத்தில் குல்லா வரிவரியாகிவிடும், அணில் மாதிரி. அதற்குள் அவளுக்கு முடி வந்துவிடும் என்கிறார் டாக்டர். காதோரம் பூனைமுடி தெரிகிறது, வெள்ளையாக.

நேற்று சாயங்காலம் அக்கா ஊசியை எடுத்தாள். பதினோரு கண்ணி ஏற்றினாள். நாலு நழுவியது. நான் எடுத்துக் கொடுத்தேன். "இது யாருக்குக்கா?" என்றேன். "உனக்குத்தான். என்ன கலர்னு கேக்க மாட்டேன்" என்றாள்.

ஆகவே குன்னூரில் இருப்பவர்கள் வெங்காயத் தோலைக் குப்பையில் போடாதீர்கள். பெரிய வெங்காயத்துடையது, காய்ந்த மேல்தோல் மட்டும், அழுகல் கூடாது. எங்கள் கேட்டில் ஒரு மஞ்சப்பை தொங்கவிட்டிருக்கிறேன். அதில் போட்டுவிட்டு பெல் அடியுங்கள். அக்கா முழித்திருந்தால் காபி உண்டு. போட்டோவில் அந்த இடது பக்க ஜடையையும் காட்டுகிறேன்.